நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொற்கள்

ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோ உரிமத்துக்கான மோர்ஸ் தேர்வு; தந்தி ஓசையைக் கேட்டு எழுத்துகளாக எழுத வேண்டும். ‘க்யூ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஒய்’ என்று எழுதிவிட்டேன். டா டா டி டா என்றால் க்யூ. டா டி டா டா என்றால் ஒய். பதற்றத்தில் இருக்கும் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். தவறு தெரிந்து அதை அடிக்கப் பென்சிலை நகர்த்திய நொடியில் அடுத்த எழுத்து கடந்துபோயிற்று. போனது எதுவாக இருக்கும் என்று யோசித்த நொடியில் அதற்கடுத்ததும் போயிற்று. நிமிடத்துக்கு 12 சொற்கள் என்பது, சொல்லுக்கு ஐந்து எழுத்து என்ற கணக்கில், நொடிக்கு ஓர் எழுத்து. ஐந்து நிமிடத்தில் 300 எழுத்துகள். ஐந்து பிழைகளைத் தாண்டினால் தோல்வி. ஹெட்போனில் ஒலி நின்றபோது என் தாளில் நான்கு பிழைகள் இருந்தன. தேர்ச்சி பெற்றேன்.

அந்த நான்கு பிழைகளோடு கிடைத்த உரிமத்தைக் கொண்டுதான் இத்தனை ஆண்டுகளாகச் சிற்றலையில் இயங்கிவருகிறேன். அதனால், மோர்ஸ் தேர்வை ஒழித்தது சரியா தவறா என்று ஹாம் நண்பர்கள் மோதிக்கொள்ளும்போதெல்லாம், யாரும் கேட்காமலேயே நான் ‘தேர்வு எழுதியவர்கள்’ கட்சியில் சேர்க்கப்பட்டுவிடுகிறேன். உண்மையில் என் நிலை அவ்வளவு நேரானதன்று. மோர்ஸை நேசிப்பவன் நான். இன்றும் என் தொடர்புகளில் பெரும்பாலானவை மோர்ஸ் சாவியைத் தட்டித்தான் நடக்கின்றன. ஆனால் அதை உரிமத்தின் வாசலில் காவலுக்கு நிறுத்தியது தவறு என்றே கருதுகிறேன். கூடவே, அதை நீக்கிய விதமும் எனக்கு ஏற்புடையதன்று. மோர்ஸ் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு சேர்ந்து வேறொன்றும் போயிற்று. இரு கட்சியினரும் அதைக் கவனிக்காமல் இன்னமும் மோர்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதுதான் என் வருத்தம்.

மோர்ஸ் எப்படிச் சட்டத்துக்குள் வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடியோ என்றாலே மோர்ஸ்தான். பேச்சை அனுப்பும் கருவிகள் பரவுவதற்கு முன்பே, அமெச்சூர்கள், அதாவது ஹாம்கள், தீப்பொறி டிரான்ஸ்மிட்டர்களை வைத்துக்கொண்டு வெளியை அதிரவைத்துக்கொண்டிருந்தார்கள். டைட்டானிக் மூழ்கிய 1912-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா ஒரு ரேடியோ சட்டத்தை இயற்றி, அமெச்சூர்களுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கப்பல், கடற்கரை நிலையம், அமெச்சூர் எல்லாரும் அக்கம்பக்கத்து அலைவரிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த காலம் அது. ‘நீ குறுக்கிடுகிறாய், நிறுத்து’ என்று ஒரு கடற்கரை நிலையம் மோர்ஸில் அனுப்பினால் அது அமெச்சூருக்குப் புரிந்தாக வேண்டும். வண்டி ஓட்டுபவருக்குச் சிவப்பு விளக்கு தெரிய வேண்டும் என்று கேட்பதில் என்ன நியாயம் உண்டோ, அதே நியாயம் இதிலும் இருந்தது. போர் வந்தால் பயிற்சி பெற்ற தந்தி இயக்குநர்கள் கைவசம் இருப்பார்கள் என்ற கணக்கும் அரசுகளுக்கு இருந்தது.

இந்த நியாயம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது பன்னாட்டு விதியில் ஓர் எண்ணாகவே பதிவாகியிருக்கிறது. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மாநாட்டின் விதிப்படி, 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் எந்த அமெச்சூரும் மோர்ஸ் அறிந்திருக்க வேண்டும். 1959-இல் அந்த எல்லை 144 மெகாஹெர்ட்ஸாக இறங்கியது. 1979-இல் 30 மெகாஹெர்ட்ஸாயிற்று. ஆக, மோர்ஸ் தேர்வு ஒருநாள் திடீரென்று வெட்டி வீழ்த்தப்பட்டதாகச் சிலர் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது படி இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு படி இறங்கும்போதும், திறந்துவிடப்பட்ட அலைவரிசைகளில் மோர்ஸ் தெரியாதவர்கள் வந்து அமர்ந்தார்கள். பிரிட்டன் 1964-இல் ‘பி’ வகுப்பு என்ற பெயரில், மோர்ஸ் இல்லாமல் 70 சென்டிமீட்டர் பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுதியிலும் அதற்கு மேற்பட்ட அலைவரிசைகளிலும் இயங்க உரிமம் வழங்கத் தொடங்கியது. பிறகு 2 மீட்டர் பேண்டும் அவர்களுக்குத் திறந்தது. ஜப்பான் இன்னும் துணிச்சலாக, 1950-களின் இறுதியிலேயே மோர்ஸ் இல்லாத, பேச்சுக்கு மட்டுமான ‘தொலைபேசி’ வகுப்பை உருவாக்கி, 10 வாட் வரம்புக்குள் 7, 21 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலைப் பேண்டுகளிலேயே பேச அனுமதித்தது. 1990-களின் நடுவில் ஜப்பானிய அமெச்சூர் நிலையங்களின் எண்ணிக்கை 13 லட்சத்தைத் தாண்டியதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. அத்தனை பேர் வந்தும் 21 மெகாஹெர்ட்ஸ் இடிந்துவிடவில்லை. மோர்ஸ் போனால் பேண்டுகள் சந்தைக்கடையாகிவிடும் என்று 1990-களில் எச்சரித்தவர்கள், முப்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்த இந்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

சட்டத்துக்கு மூலகாரணமாக இருந்த கடலே பின்னர் மோர்ஸைக் கைவிட்டது. 1997 ஜனவரி 31 அன்று பிரெஞ்சுக் கடற்படை, நிரந்தர மௌனத்துக்கு முந்தைய தன் கடைசிக் குரல் இது என்று மோர்ஸில் அறிவித்துவிட்டுத் தன் மோர்ஸ் பணியை முடித்துக்கொண்டது. 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்களின் அபாய அழைப்புகள் முழுவதுமாகச் செயற்கைக்கோள்களுக்கும் தானியங்கிக் கருவிகளுக்கும் மாறின. கப்பல்களின் மோர்ஸ் அபாய அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் கேட்க ஆளில்லை. ஆனால் கப்பலே அனுப்பாத ஒரு குறியீட்டைக் கப்பலுக்காகக் கற்றுக்கொள்ளும்படி அமெச்சூரைப் பன்னாட்டு விதி அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தது. 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாடு, பன்னாட்டு விதிகளில் அமெச்சூர்களுக்கான 25-ஆம் பிரிவைத் திருத்தி, மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டு நிர்வாகத்திடமே விட்டது. அதே ஆண்டில் ஸ்விட்சர்லாந்தும் பிரிட்டனும் ஜெர்மனியும் தேர்வைக் கைவிட்டன. அமெரிக்கா 2007 பிப்ரவரி 23 வரை காத்திருந்தது.

இந்த விவாதம் மிகக் கடுமையாக நடந்தது அமெரிக்காவில்தான். அதற்குக் காரணம் மோர்ஸ் மட்டுமன்று, மோர்ஸைப் படிக்கட்டாக வைத்துக் கட்டிய வகுப்புமுறையும்தான். 1951-இல் அமைந்த முறையில் நாவிஸ், டெக்னீஷியன், ஜெனரல், அட்வான்ஸ்டு, எக்ஸ்ட்ரா என்று அடுக்கடுக்காக வகுப்புகள் இருந்தன. நாவிஸுக்கும் டெக்னீஷியனுக்கும் நிமிடத்துக்கு 5 சொல், ஜெனரலுக்கு 13, எக்ஸ்ட்ராவுக்கு 20. இந்தியாவின் 1978-ஆம் ஆண்டு விதிகளிலும் இதே தர்க்கம் உண்டு. இரண்டாம் நிலைக்கு 5 சொல், முதல் நிலைக்கு 12 சொல். படி ஏற ஏற விரல் வேகமும் காது வேகமும் ஏற வேண்டும் என்பது எண்ணம். வேகம் கூடினால் அதிகத் திறனில், அதாவது அதிக வாட்டில், அனுப்பும் தகுதியும் கூடுமா, ஆண்டெனாவைப் பற்றிய அறிவு கூடுமா என்று யாரும் கேட்கவில்லை.

1967-இல் அமெரிக்க நிர்வாகம் ‘ஊக்க உரிமம்’ என்ற திட்டத்தை அறிவித்தது. பெயரைக் கேட்டால் பரிசு கொடுப்பதுபோல் இருக்கும், நடந்தது வேறு. ஜெனரல் வகுப்பினர் அதுவரை அனுபவித்துவந்த பேண்டுகளில் சில துண்டுகள் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, மேல்வகுப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. இத்தகைய எல்லைக்கோடுகள் இன்றும் உள்ளன. 20 மீட்டர் பேண்டில் 14.000 முதல் 14.025 மெகாஹெர்ட்ஸ் வரை எக்ஸ்ட்ரா வகுப்பினர் மட்டுமே அனுப்பலாம். பேச்சு வகையில் எக்ஸ்ட்ரா 14.150-இல் தொடங்கலாம், அட்வான்ஸ்டு 14.175-இல், ஜெனரல் 14.225-இல். 14.220-இல் பேசுவதற்கும் 14.230-இல் பேசுவதற்கும் இயற்பியலில் ஒரு வேறுபாடும் இல்லை. அயனிமண்டலம் யாருடைய உரிமத்தையும் வாங்கிப் பார்ப்பதில்லை. கையில் இருந்ததைப் பறித்து, ‘படித்துத் திரும்பப் பெற்றுக்கொள்’ என்று சொன்ன அந்த முடிவின் கசப்பு அடுத்த நாற்பது ஆண்டுகளின் எல்லா விவாதங்களிலும் ஊறிக்கிடந்தது. இழந்ததை மீட்க 20 சொல் வேகம்வரை உழைத்து ஏறிய ஒருவரிடம் போய், ‘இனி அந்தத் தேர்வு தேவையில்லை’ என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? நான் பட்டேன், நீயும் படு என்றுதான் சொல்வார். அது நியாயமில்லை என்றாலும் எனக்குப் புரிகிறது.

1991 பிப்ரவரி 14 அன்று மோர்ஸ் இல்லாத டெக்னீஷியன் உரிமம் வந்தது. 2000 ஏப்ரல் 15 முதல் வகுப்புகள் மூன்றாகக் குறைக்கப்பட்டு, 13, 20 என்ற வேகங்கள் எல்லாம் 5 சொல் என்ற ஒரே அளவுக்கு வந்தன. அதன் பிறகு 2007. இந்த முடிவில் ஒரு வேடிக்கை உண்டு. டெக்னீஷியன் வகுப்பினருக்கு 80, 40, 15 மீட்டர் பேண்டுகளில் சில பகுதிகள் திறக்கப்பட்டன; ஆனால் அங்கே அவர்கள் மோர்ஸில் மட்டுமே அனுப்பலாம். அதாவது, மோர்ஸ் தேர்வு எழுதாத ஒருவருக்கு அந்தப் பேண்டுகளில் பேச அனுமதியில்லை, அவருக்குத் தெரியாத மோர்ஸை அனுப்ப அனுமதியுண்டு. பழைய நாவிஸ் உரிமைகளை அப்படியே எடுத்து ஒட்டியதால் வந்த விளைவு இது. வகுப்புமுறை என்பது யாரோ அமர்ந்து சிந்தித்துக் கட்டிய மாளிகை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விதியை மட்டும் படித்தால் போதும். பழைய வீட்டில் அறை அறையாகச் சேர்த்துக் கட்டியதன் சுவடு தெரிந்துவிடும்.

இனி அந்தத் தேர்வு எதைத்தான் அளந்தது என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் விவாதத்தில் பேசுகிற பலர் இதைத் தொடுவதே இல்லை. மோர்ஸில் எல்லாமே காலம்தான். ‘டி’ என்ற குறிலின் நீளம் ஓர் அலகு என்றால் ‘டா’ என்ற நெடிலின் நீளம் மூன்று அலகு. ஒரே எழுத்துக்குள் ஒலிகளுக்கிடையே ஓர் அலகு மௌனம், எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. ‘பாரிஸ்’ என்ற நகரத்தின் ஆங்கிலப் பெயரை அனுப்பினால், பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்துச் சரியாக 50 அலகுகள் வரும். வேகத்தை அளக்க அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறார்கள். 12 சொல் வேகத்தில் ஒரு குறில் நொடியில் பத்தில் ஒரு பங்கு. 5 சொல் வேகத்தில் அது கிட்டத்தட்ட கால் நொடி. இந்த இரண்டுக்கும் இடையில்தான் சிக்கல் இருக்கிறது. கால் நொடிக் குறிலை மனம் எண்ண முடியும்: ஒன்று, இரண்டு, மூன்று, ஆகவே ‘எஸ்’. பத்தில் ஒரு பங்கு நொடியை எண்ண முடியாது. எண்ணிக் கற்றவர்கள் எல்லாரும் 10 சொல் வேகத்தை ஒட்டி ஒரு சுவரில் போய் முட்டிக்கொள்வார்கள். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, புள்ளியும் கோடுமாக மனப்பாடம் செய்த நானும் முட்டிக்கொண்டேன். ‘எச்’ நான்கு குறில், 5 என்ற எண் ஐந்து குறில். எண்ணி முடிப்பதற்குள் பக்கத்துச் சொல் வந்து நிற்கும். எண்ணுவதைக் கைவிட்டு, ஒவ்வோர் எழுத்தையும் ஓர் ஓசையாக, ஆளைக் குரலை வைத்தே கண்டுகொள்வதுபோலக் கண்டுகொள்ள எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. கற்றதை மறப்பதற்குத்தான் அதில் பெரும்பகுதி செலவாயிற்று.

லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1930-களிலேயே இதற்கு வழி சொல்லியிருந்தார். தொடக்கத்திலிருந்தே முழு வேகத்தில் கேள், ஆனால் இரண்டே எழுத்துகளோடு தொடங்கு, பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகு மூன்றாவதைச் சேர் என்பது அவர் முறையின் சாரம். ஆனால் 5 சொல் தேர்வு மாணவரை நேர் எதிர்த் திசையில் தள்ளியது. மெதுவான வேகத்தில் தேற வேண்டும் என்றால் எண்ணுவதுதான் குறுக்கு வழி. எண்ணித் தேறியவர் சுவரில் முட்டி, மோர்ஸ் தனக்கு வராது என்று முடிவுகட்டி, சாவியைப் பரணில் போட்டுவிடுவார். மோர்ஸைக் காப்பாற்றுவதற்காக வைத்திருந்த தேர்வே மோர்ஸை வெறுக்கக் கற்றுக்கொடுத்த பள்ளியாயிற்று. தேறிய மறுநாளே மைக்கைப் பிடித்து, பின்னர் ஒருமுறைகூடச் சாவியைத் தொடாதவர்களை நான் கணக்கில்லாமல் அறிவேன். இதைத் தேர்வின் ஆதரவாளர்கள் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

அவர்களுடைய வாதங்களில் வலுவானது, மிகக் குறைந்த திறனிலும் மோர்ஸ் எட்டும் என்பது. அது உண்மை. பேச்சு ஏறக்குறைய 2500 ஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்ளும்போது, மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். ஆற்றல் முழுவதும் ஒரு கீற்றில் குவிவதால், பேச்சு இரைச்சலில் மூழ்கும் இடத்தில் மோர்ஸ் தலைதூக்கி நிற்கும். ஆனால் 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் வெளியிட்ட எஃப்.டி.8 என்ற கணினி வகை, 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், 15 நொடித் தவணைகளில், மனிதக் காதுக்கு எட்டாத சமிக்ஞைகளையும் எடுத்துவிடுகிறது. மெல்லிய சமிக்ஞைக்காக மோர்ஸைக் கட்டாயமாக்க வேண்டும் என்றால், இன்று எஃப்.டி.8-க்குத்தான் தேர்வு வைக்க வேண்டும். பேரிடரில் உதவும் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. மறுமுனையில் இருக்கும் மீட்புப் பணியாளருக்கு மோர்ஸ் தெரியாது. பிறகு, ‘வடிகட்டி’ வாதம்: உழைத்து ஒன்றைக் கற்றவர்தான் பொறுப்போடு நடந்துகொள்வார் என்பது. நான் கேட்ட மிக மோசமான வசைகளில் சில, 20 சொல் தேறியவர்களின் வாயிலிருந்து வந்தவை. பொறுமையும் பண்பும் ஒரே பாத்திரத்தில் வேகும் என்று நினைப்பது தவறு. காது மந்தமானவர்களையும், வேறு எல்லாவற்றிலும் தேர்ந்திருந்தும் விரைந்த ஓசைகளைப் பிரித்தறிய முடியாதவர்களையும் அந்த வடிகட்டி வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1990 முதல் மருத்துவச் சான்று காட்டினால் உயர்வேகத் தேர்விலிருந்து விலக்கு கிடைத்தது. அந்தச் சான்றைப் பொய்யாகப் பெற்றவர் யார் என்று அடுத்த பத்து ஆண்டுகள் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்ததுதான் அதன் பலன்.

அப்படியானால் வகுப்புகளே வேண்டாமா என்றால், வேண்டும் என்பேன். ஆனால் ஒருவர் விளைவிக்கக்கூடிய கேட்டின் அளவை வைத்து அவை பிரிக்கப்பட வேண்டும். 10 வாட்டில் தவறு செய்பவர் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்வார். 1000 வாட்டில் தவறு செய்பவர் கண்டம் தாண்டித் தொந்தரவு செய்வார், தன் ஆண்டெனாவுக்கு அருகில் நிற்பவரின் உடலுக்கும் தீங்கு செய்வார். பிரிட்டனின் மூன்றடுக்கு முறை இந்த வகையில் எனக்குப் பிடித்தது. 2002-இல் தொடங்கிய ஃபவுண்டேஷன் வகுப்புக்கு முதலில் 10 வாட், 2024 முதல் 25 வாட். இடைநிலைக்கு 100, முழு உரிமத்துக்கு 1000. எல்லாருக்கும் ஏறக்குறைய அதே பேண்டுகள், ஏறுவது அனுப்பும் வாட்தான். ஜெர்மனி 2024-இல் கொண்டுவந்த ‘என்’ வகுப்பும் குறைந்த திறனில் 10 மீட்டர், 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் பேண்டுகளைத் திறந்துவிடும் நுழைவுப்படியே. அலைவரிசையைத் துண்டு போட்டு விற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன வருத்தம் வருகிறது. பல நாடுகளின் உரிமத் தேர்வில், மாணவரின் கையும் காதும் சோதிக்கப்பட்ட ஒரே இடம் மோர்ஸ்தான். மற்றவை எல்லாம் தாளில் இருந்தன. மோர்ஸை எடுத்தபோது, தவறான செய்முறைத் தேர்வை எடுத்துவிட்டுச் சரியான செய்முறைத் தேர்வை வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் அந்த இடம் காலியாகவே விடப்பட்டது. இன்று அமெரிக்காவில் டெக்னீஷியனுக்கும் ஜெனரலுக்கும் 35 கேள்விகள், 26 சரியானால் தேர்ச்சி. எக்ஸ்ட்ராவுக்கு 50, அதில் 37. எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்; கேள்விகளும் விடைகளும் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை. ஒரு ரேடியோவைத் தொடாமலேயே, ஒரு நிமிடம்கூடச் சிற்றலையைக் கேட்காமலேயே, மிக உயர்ந்த உரிமத்தைப் பெற்றுவிட முடியும். ஃபவுண்டேஷன் வகுப்பைப் பிரிட்டன் தொடங்கியபோது, பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, மாணவரே ரேடியோவை இயக்கி ஒரு தொடர்பை நடத்திக்காட்ட வேண்டியிருந்தது. ‘மோர்ஸ் அறிமுகம்’ என்று ஒன்றும் இருந்தது. அட்டவணையைப் பார்த்துக்கொண்டே சில எழுத்துகளைக் கேட்டு எழுதி, சிலவற்றைத் தட்டினால் போதும். இரண்டில் எது முக்கியம் என்று என்னைக் கேட்டால், ஒரு கணமும் தயங்காமல் முதலாவதைத்தான் சொல்வேன்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவற்றால் வந்தது. தேர்ச்சி பெற்று இரண்டு வாரங்கள் ஆகியிருக்கும். புதிய ஆண்டெனாவைப் பொருத்திவிட்டு, அதை ரேடியோவோடு இசைவிக்கும் டியூனரின் இரண்டு குமிழ்களையும் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டு, எதிரொளிப்பு அளவியின் முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முள் இறங்கவில்லை. முழுத் திறனில், செய்தியற்ற வெறும் அலையான கேரியரைத் திறந்துவிட்டபடி இரண்டு நிமிடங்களுக்கு மேல் திருகியிருப்பேன். சாவியிலிருந்து கையை எடுத்ததும் ஹெட்போனில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: க்யூ.ஆர்.எல்., க்யூ.ஆர்.எல்., க்யூ.ஆர்.எல். அலைவரிசை பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்த அலைவரிசையின் நடுமண்டையில் நான் ஏறி நின்றிருந்தேன். முதலில் கேள், பிறகு அனுப்பு. திறனைக் குறைத்து டியூன் செய். முடிந்தால் ஆண்டெனாவுக்குப் பதில் போலிச் சுமையில் செய். இவற்றில் ஒன்றையும் என் தேர்வு கேட்கவில்லை. நொடிக்கு ஓர் எழுத்து எடுக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டது; அது எனக்குத் தெரிந்திருந்தது.

அதுவும்கூட எவ்வளவு தெரிந்திருந்தது என்பது மறுநாள் தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தில் அதே அலைவரிசைக்குப் போய் ஒருவரை அழைத்தேன். தேர்வில் கேட்டது இயந்திரம் அனுப்பிய, சீரான, இரைச்சலற்ற ஒலி. இங்கே வந்தது ஒரு மனிதக் கை அனுப்பியது. நெடில்களைச் சற்று இழுக்கும் கை. சமிக்ஞை அலைபோல் ஏறி இறங்கிற்று. பக்கத்து அலைவரிசையிலிருந்து இன்னொருவர் கசிந்துகொண்டிருந்தார். 12 சொல் தேறிய நான் அதில் பாதிகூட எடுக்கவில்லை. வேறு வழியின்றி க்யூ.ஆர்.எஸ். என்று தட்டினேன், மெதுவாக அனுப்புங்கள் என்று. அவர் சலித்துக்கொள்ளாமல், ஏறக்குறைய 6 சொல் வேகத்துக்கு இறங்கி, தன் பெயரை மூன்று முறை அனுப்பினார். அந்த அரை மணி நேரத்தில் கற்றதைத் தேர்வுக்கு முந்தைய நான்கு மாதங்களில் நான் கற்கவில்லை.

தேர்வு போனால் மோர்ஸ் செத்துவிடும் என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்லக் காலம் அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. 1987-இல் பிரிட்டனில் தொடங்கிய, மோர்ஸ் ஆர்வலர்களின் ஃபிஸ்ட்ஸ் குழு இன்றும் இயங்குகிறது. கையால் தட்டும் நேர்ச்சாவியை விரும்புவோருக்கான எஸ்.கே.சி.சி. குழு 2006-இல், அதாவது அமெரிக்காவில் தேர்வு ஒழிவதற்கு முந்தைய ஆண்டில்தான் தொடங்கிற்று. வார இறுதியில் 20 மீட்டர் பேண்டின் அடிப்பகுதியைத் திருப்பினால் காலூன்ற இடமிருக்காது. கட்டாயம் போன பிறகு வந்தவர்கள் கோக் முறையில், முழு வேகத்தில், கணினியும் கைபேசியும் ஒலிக்க, விரும்பிக் கற்றவர்கள். எங்களைப்போல் சுவரில் முட்டி வந்தவர்கள் அல்லர்.

அவர்களில் ஒருவர் என் நண்பர். மோர்ஸ் தேர்வே இல்லாமல் உரிமம் பெற்று, ஐந்தாறு ஆண்டுகள் மைக்கிலேயே காலம் கழித்தவர். இந்த விவாதத்தில் அவரும் நானும் பலமுறை முட்டிக்கொண்டிருக்கிறோம். ‘நீங்கள் தேர்வு எழுதிவிட்டு அதைத் தவறு என்கிறீர்கள், எழுதாத எனக்கு அதைச் சொல்லவே உரிமையில்லை என்கிறார்கள்’ என்று ஒருமுறை சிரித்தார். பணி ஓய்வு பெற்ற பின், யாரிடமும் சொல்லாமல், தினமும் காலையில் இருபது நிமிடம் என்று எட்டு மாதங்கள் பயின்றிருக்கிறார். ஒரு நாள் மாலை 40 மீட்டரில் நான் சி.க்யூ. என்ற பொது அழைப்பைத் தட்டி முடித்ததும், பழக்கமான அழைப்புக்குறி ஒன்று, பழக்கமே இல்லாத கையோடு, துல்லியமான இடைவெளிகளோடு பதில் சொன்னது. நலம் விசாரித்துவிட்டு, ‘ஓ.எம்.’, அதாவது நண்பரே என்று விளித்து, ‘உங்கள் தேர்வு எத்தனை சொல்?’ என்று கேட்டார். 12 என்றேன். பதிலுக்கு அவர் 18-க்குக் குறையாத வேகத்தில் ஏதோ அனுப்பினார். முதல் இரண்டு சொற்களைத்தான் எடுத்தேன். சாவியை இழுத்துவைத்துக்கொண்டு, க்யூ.ஆர்.எஸ். என்று தட்டினேன்.